வெள்ளிக்கிழமை மினுக்கிய டொலர்

அத்தியாயம் 4

"ஆளைத் தேடித் தாருங்கோ பிள்ளை. காசு போனால் போகட்டும்."

இப்படிச் சொல்லிக் கண்ணைத் துடைத்த மனிதரை அன்புராசாவுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்காமல் போய்விட்டது. முப்பது வருடம் விமான நிலையத்துக்கு ராக்ஸி ஓடியவர் அன்புராசா. பின் சீற்றில் இருந்து அழுதவர்கள் எத்தனை பேரைக் கண்ணாடியில் பார்த்திருப்பார்! மெய்யாக அழுகிறவன் முதலில் மூக்கைத்தான் துடைப்பான் என்பது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த சாத்திரம். பத்மநாதன் மூக்கைத் தொடவே இல்லை.

இப்போது அன்புராசாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஸ்காபரோவில், கெனடி றோட்டில் ஒரு சேலைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிற கஜனிக்கு அவர்தான் சாரதி, உதவியாளர், வாய்க்காரர் எல்லாம். கஜனி அவரைவிட இருபது வயது இளையவள். லைசென்ஸ் அவளுடையது, கார் அவருடையது.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கே மிசிசாகாவிலிருந்து வந்து குந்திவிட்டார் பத்மநாதன். பழைய நாணயங்கள் வாங்கி விற்கிறவர். அவருடைய கடையில் ஆறு வருடமாக நாணயங்களைப் படம் எடுத்துக் கொடுத்த கிருபன் என்ற பெடியன் சனிக்கிழமையிலிருந்து காணாமல் போய்விட்டானாம். அவனோடு ஒரு வெள்ளி டொலரும் போய்விட்டதாம். பொலிஸ், வளர்ந்த ஆள்தானே, தானாக வருவான் என்று சொல்லிவிட்டதாம். அன்புராசா மரியாதைக்குக் கடையில் வாங்கிய ஒரு பணிஸை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. சுகர். வெளிச்சாப்பாடு ஒண்டும் தொடுறேல்லை," என்று கையெடுத்து மறுத்துவிட்டு மனிதர் படி இறங்கினார்.

அவர் போன பிறகு, கிருபனின் வீடு இருந்த டோர்செட் பார்க் பக்கம் காரைத் திருப்பும்போது அன்புராசா தொடங்கினார்.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் பிள்ளை. மனுசன் ரெண்டு நிமிசம் அழுதார், எட்டு நிமிசம் காசின்ரை படத்தைக் காட்டினார். காணாமல் போனவன்ரை படத்தை நீர் கேட்ட பிறகுதான் எடுத்தவர்."

"உங்களுக்கு ஆரைத்தான் பிடிச்சிருக்கு அண்ணை?" கஜனி போனில் அந்த நாணயத்தின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். "உது அமெரிக்கன் டொலர். ஆயிரத்தி எண்ணூற்றித் தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு. ஒவ்வொரு ஊரிலை அடிக்கிறதுக்கும் பின்பக்கம், மலர்வளையத்துக்குக் கீழை ஒரு குட்டி எழுத்துப் போடுவினம். மின்ற் மார்க் எண்டு சொல்லுறது. ஒரே ஒரு ஊர்க்காரர் மட்டும் எழுத்துப் போடேல்லை. அந்த வருசத்திலை எழுத்தில்லாத காசு கண்ணாலை காணுறதே அருமை. எழுத்திருந்தால் அவ்வளவு மதிப்பில்லை."

"எங்கடை ஊரிலை எழுத்தில்லாதவனை மாடு மேய்க்கப் போ எண்டு ஏசுவினம். இஞ்சை எழுத்தில்லாததுக்கு ராசமரியாதை," என்றார் அன்புராசா.

கஜனி சிரிக்கவில்லை. நாலு நாளாக ஓர் ஆளைக் காணவில்லை, வெளியே பெப்ரவரிக் குளிர். அவளுக்குச் சிரிப்பு வராததில் ஆச்சரியமில்லை.

பதினோராம் மாடி. கிருபனின் மனைவி நிரோஷினி கதவைச் சங்கிலி நீக்காமல் விரல்கடை அளவுக்குத் திறந்தாள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"பத்மநாதன் அங்கிளோ அனுப்பினவர்?"

"ஓம்," என்றாள் கஜனி. பொய் சொல்லாதது அவளுக்கு ஒரு பழக்கம். "ஆனால் நான் உங்கடை மனுசனைத்தான் தேடுறன், காசை இல்லை. என்ரை பேர் கஜனி. உவர் அன்பு அண்ணை. வாய் கொஞ்சம் நீளம், மற்றபடி நல்ல மனுசன்."

சங்கிலி கழன்றது. அங்கிள் ஞாயிறு இரண்டு தரம் வந்து கதவைத் தட்டினார் என்றும் தான் திறக்கவில்லை என்றும் நிரோஷினி சொன்னாள். பேந்து கதவுக்குக் கீழால் ஒரு துண்டு வந்ததாம். எடுத்துக் காட்டினாள். 'காசு திரும்பி வந்தால் எல்லாத்தையும் மறந்துவிடுவேன். கிருபனும் வீட்டுக்கு வரலாம்.'

"ஏன் கதவு திறக்கேல்லை?" கஜனி கேட்டாள்.

"இவர் சனிக்கிழமை வெளிக்கிடேக்கை, நான் வருமட்டும் அங்கிளுக்குக் கதவைத் திறக்காதை எண்டு சொன்னவர். அவரோடை கதைக்கத்தான் போனவர். என்னத்தைக் கதைக்கப்போறாரெண்டு சொல்லேல்லை. போன வருசம் இதே காசைப் படம் எடுத்தனான், அப்ப உதிலை எழுத்து இருந்தது, அப்ப இருந்தது எண்டு ரெண்டு நாளா வீட்டுக்குள்ளை புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

கஜனியும் அன்புராசாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தக் காசு இஞ்சை இருக்கோ, நிரோஷினி?"

அவ்வளவுதான், அந்தப் பெண் குசினி வாசலில் அப்படியே இருந்து அழத் தொடங்கிவிட்டாள். முகத்தைப் பொத்திக்கொண்டு, மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். இது மெய்யான அழுகை. அன்புராசா ரிஷூப் பெட்டியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"நான்தான் எல்லாத்தையும் பழுதாக்கினது அக்கா. வியாழக்கிழமை தந்தவர். சாமித்தட்டிலை வை, ஒருத்தருக்கும் குடுக்காதை எண்டு மட்டும்தான் சொன்னவர். காசு கன்னங்கரேலெண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை வழமைபோலை விளக்கு மினுக்கேக்கை, உதையும் சேர்த்து மினுக்கிப்போட்டன். பித்தளைக்குப் பழப்புளி, வெள்ளிக்குத் திருநீறு. கறுத்த சாமானைச் சாமிக்கு முன்னாலை என்னெண்டு வைக்கிறது? பேந்துதான் ஞாபகம் வந்தது. பழங்காசைக் கழுவக்கூடாது, துடைக்கக்கூடாது, அதோடை அதின்ரை மதிப்புப் போச்செண்டு ஆறு வருசமா எனக்குச் சொல்லுறவர். இப்ப காசைக் குடுத்தாலும் அங்கிள் விடமாட்டார். இவருக்கு என்னவும் நடந்தால் அது என்னாலைதான்."

"வியாழக்கிழமையும் கழுவாதை எண்டு சொன்னவரோ?"

"இல்லை. அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. தந்திட்டுப் போட்டார்."

பிள்ளையார் படத்துக்கு முன்னால், செவ்வரத்தம்பூவுக்கு நடுவே அந்த டொலர் பளபளவென்று இருந்தது. முன்பக்கம் ஒரு பெண்ணின் தலை. கஜனி கைலேஞ்சித் துணியால் எடுத்துப் பின்பக்கம் திருப்பினாள். கழுகு, அதைச் சுற்றி மலர்வளையம். வளையத்துக்குக் கீழே வெறுமை.

வெறுமைதானா? போன் கமராவைக் கிட்டப் பிடித்துப் பெரிதாக்கினாள். கீறல் விழுந்த இடமெல்லாம் திருநீறு போய் அடைந்திருந்தது. மலர்வளையத்துக்குக் கீழேயும் மெல்லிய கீறல்கள். அவை ஒரு குட்டி வட்டத்தைச் சுற்றி ஓடின. அந்த வட்டம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"இங்கிலிஸ் ஓ எண்ட எழுத்து," என்றாள் கஜனி மெதுவாக. "இருந்த எழுத்தை ஆரோ சுரண்டி எடுத்துப்போட்டு, சுரண்டின இடம் தெரியாமல் காசைக் கறுக்க வைச்சிருக்கினம். நிரோஷினி மினுக்கினதாலை கறுப்புப் போச்சு. சுரண்டின பள்ளத்திலை திருநீறு நிண்டிட்டுது."

"மாதாவே," என்றார் அன்புராசா. "எங்கடை வேதக்கார ஆக்கள் விபூதிப் புதனுக்கு மட்டும்தான் சாம்பல் பூசுறது. நீங்கள் கிழமைக்குக் கிழமை துப்பறியிறியள்."

கஜனி நாணயத்தை எல்லாப் பக்கமும் படம் எடுத்தாள். அவளுடைய கணக்கு இதுதான்: கிருபன் மோசடியைக் கண்டுபிடித்துவிட்டான், பயத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறான். பத்மநாதன் தானே சுரண்டினாரா, அல்லது சுரண்டினதை வேறு யாரிடமோ வாங்கி ஏமாந்தாரா என்பதுதான் தெரியவேண்டும்.

"காசை அவரின்ரை கையிலை குடுத்து முகத்தைப் பாத்தால் தெரிஞ்சிடும்," என்றாள்.

"குடுங்கோ அக்கா. குடுத்தால் இவர் வந்திடுவார்," என்று நிரோஷினி அவளுடைய கையைப் பிடித்தாள். "இவர் குடுக்காதை எண்டவர்தான். ஆனால் நாலு நாளாச்சு."

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விடுகிறோமோ என்று அன்புராசாவுக்கு ஒரு பயம் வந்தது. வாய்க்காரருக்கு அந்த நேரம் பார்த்து வாய் வரவில்லை. அதை நினைத்துப் பிறகு தன்னைத்தானே எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார்.

கஜனி போன் எடுத்துச் சொன்னதும் பத்மநாதன் துள்ளிக் குதித்து வருவார் என்று பார்த்தால், அவர் ஏற்கெனவே ஸ்காபரோவில்தான் நின்றார். கெனடி றோட்டில் ஒரு ரேக்-அவுட் கடையின் பெயரைச் சொல்லி வரச்சொன்னார். இவர்கள் போனபோது ஒன்றரை மணி. மூலை மேசையில் இருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பையில் சுடச்சுட ஒரு சாப்பாட்டுப் பார்சல். மீன்குழம்பு மணம் மேசைவரை அடித்தது.

கஜனி நாணயத்தை மேசையில் வைத்தாள்.

பத்மநாதன் அதை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் திருப்பி, மலர்வளையத்துக்குக் கீழே பெருவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு கையைப் பொத்திப் பொக்கற்றுக்குள் விட்டார்.

"நல்லது பிள்ளை. இதோடை வேலை முடிஞ்சுது."

"கிருபன்?"

"அவன் வருவான். இனித் தேடித் திரியாதேங்கோ." எழும்பினார். "நான் மிசிசாகாவுக்குப் போகவேணும். கடை பூட்டிக் கிடக்கு."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைவாளி மூடியைத் தள்ளி, பார்சலை அதற்குள் போட்டுவிட்டு வெளியே போனார்.

கஜனி மேசைக்குக் குனிந்தாள். "பாத்தனீங்களோ அண்ணை? பெறுமதியான காசைத் திருநீறு போட்டு உரஞ்சியிருக்கு. காசு சேர்க்கிறவன் எண்டால் நெஞ்சிலை அடிச்சு அழுதிருப்பான். உவர் மூச்சுக் காட்டேல்லை. அந்தக் காசுக்கு மதிப்பில்லையெண்டு உவருக்கு முந்தியே தெரியும். சுரண்டினது உவர்தான்."

"நான் காசைப் பாக்கேல்லை பிள்ளை. உந்தக் குப்பைவாளியைப் பாத்தனான்." அன்புராசாவின் கண் இன்னும் அங்கேயே நின்றது. "பத்து நிமிசத்துக்கு முன்னம் வாங்கின சாப்பாடு. பிரிக்கக்கூட இல்லை. கல்லுப்போலை மனசுள்ளவனும் சோத்தைக் குப்பையிலை போடமாட்டான். எங்கடை சனம் மிஞ்சின சம்பலையே பிரிஜ்ஜிலை நாலு நாள் வைச்சுக் கும்பிடுற சனமெல்லே."

கஜனியும் குப்பைவாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் வெளிச்சாப்பாடு தொடுறேல்லை," என்றாள்.

"ஓம், சுகர் எண்டவர்."

"அப்ப ஆருக்கு வாங்கினது?"

அன்புராசா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.

"அவருக்கு ஆரோ ஓராளுக்குச் சாப்பாடு குடுக்கவேண்டியிருந்தது, காசு எங்கை எண்டு தெரியிற மட்டும்," என்றாள் கஜனி. அவளுடைய உதடு வெளுத்திருந்தது. "இனித் தேவையில்லை. அண்ணை, அந்தப் பெடியனை உயிரோடை வைச்சிருந்ததே அந்தக் காசுதான். அதை நான் கொண்டுவந்து கையிலை குடுத்திட்டன்."

கோட்டையும் போடாமல் ஓடினாள். அன்புராசா கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். வயது ஐம்பத்தொன்பது, முழங்கால் எண்பது. பனியில் சறுக்கிச் சறுக்கி அவர் கார்த் தரிப்பிடத்துக்குப் போய்ச் சேரும்போது, பத்மநாதன் ஒரு காலைக் காருக்குள் வைத்துவிட்டார்.

"அங்கிள், ஒண்டு சொல்ல மறந்திட்டன்." கஜனியின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை, அப்படியொரு அப்பாவித்தனம். "கிருபன் ஏதோ ஒரு கமரா கார்ட்டும் ஒளிச்சு வைச்சிருக்கிறாராம். போன வருசம் எடுத்த படங்களாம். எங்கை எண்டு அவருக்கு மட்டும்தான் தெரியுமாம், மனிசிக்குத் தெரியாது. உங்களுக்கு அது தேவைப்படாதுதானே?"

பத்மநாதன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். பனி அவருடைய தோளில் விழுந்து கிடந்தது. தட்டவில்லை.

"சீச்சீ, அது எனக்கென்னத்துக்கு," என்றார் கடைசியில். "நீங்கள் போங்கோ பிள்ளை, குளிருது. நான் ஒரு ரீ குடிச்சிட்டுப் போறன்."

திரும்பவும் கடைக்குள் போனார். அன்புராசா தன் காருக்குள் இருந்து கண்ணாடி வழியே பார்த்தார். கடைப் பெட்டை ஒரு பார்சலைக் கட்டிப் பிளாஸ்ரிக் பையில் போட்டு நீட்டினாள். மனிதர் வாங்கிக்கொண்டு வந்தார்.

"உயிரோடை இருக்கிறான்," என்றாள் கஜனி. கை இரண்டையும் ஹீற்றரில் பிடித்தாள். "இண்டைக்கும் சாப்பாடு குடுக்கப்போறார். கார்ட் எங்கை எண்டு கேக்க. விடாதேங்கோ அண்ணை."

"நல்லாய்ச் சொன்னீர். கார்ட் எண்டு ஒண்டு இருக்கோ?"

"ஆருக்குத் தெரியும்?"

மிசிசாகா மேற்கே இருக்கிறது. பத்மநாதனின் கார் எல்ஸ்மியர் றோட்டில் ஏறிக் கிழக்கே திரும்பியது. முப்பது வருட ராக்ஸிக்காரரைப் பின்னுக்கு வைத்துக்கொண்டு ஒளித்து ஓட ஏலுமா? மூன்று கார் இடைவெளி விட்டு, பனி வழிக்கும் வாகனத்துக்கு மறைவில் அன்புராசா ஓட்டினார். வழி முழுக்க ஒரு பகிடி விடவில்லை. வாய்க்குள் 'அருள்நிறைந்த மரியே' செபம் ஓடிக்கொண்டிருந்தது.

மோர்னிங்சைட்டில் ஓர் ஒழுங்கையின் கடைசி வீடு. திருத்த வேலைக்கென்று உடைத்துப் பாதியில் விட்ட வீடு. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. முன்வாசல் பனியில் ஒரு காலடியும் இல்லை. பக்கக் கதவுக்கு மட்டும் ஒரே சப்பாத்தின் தடம் போயும் வந்தும் பாதை போட்டிருந்தது. பத்மநாதன் பையோடு அந்தப் பாதையில் நடந்து உள்ளே போனார்.

கஜனி பொலிசுக்குப் போன் அடித்து விலாசத்தைச் சொன்னாள். உள்ளே போகவேண்டாம், காரிலேயே இருங்கோ என்று பதில் வந்தது.

"இருக்கிறதோ?" என்றார் அன்புராசா. "அவன் அங்கை சோறு தின்னுற நேரம்தான் எங்களுக்கு இருக்கு."

சொல்லிவிட்டு, காரைப் பின்னுக்கு எடுத்து, பத்மநாதனின் கார் வெளியே வர முடியாதபடி குறுக்கே விட்டார். உள்ளங்கையை ஹோர்னில் வைத்து அமத்தினார். எடுக்கவே இல்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. ஒரு கிழவர் பனி வாரும் சவளோடு ஒழுங்கைக்கு இறங்கி வந்தார். இத்தனை கண்கள் பார்க்க ஒருவன் என்னத்தைச் செய்வான்?

பக்கக் கதவு திறந்தது. பத்மநாதன் சிரித்தபடி வந்தார்.

"என்ன தம்பி, ஏன் உந்தச் சத்தம்? என்ரை வீடு. வேலை பாக்க வந்தனான்."

அன்புராசா கையை எடுத்தார். சத்தம் நின்றது. அந்த அமைதியில், நிலத்துக்குக் கீழிருந்து இரும்புக் குழாயில் எதையோ அடிக்கிற ஓசை மெல்லியதாகக் கேட்டது. டங். டங். பேந்து கொஞ்சம் பொறுத்து, டங். கிழவர் சவளை நிலத்தில் ஊன்றி நின்றுவிட்டார். பத்மநாதனின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

பொலிஸ் வர ஏழு நிமிடம் எடுத்தது. கிருபனை பேஸ்மன்ற்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறைக்குள் பத்மநாதன் கட்டியிருந்தார். போர்வையால் சுற்றி அம்புலன்சுக்குக் கொண்டுவந்தபோது அவனுடைய இடது கை விரல்கள் வீங்கிப் புடைத்திருந்தன. அன்புராசா ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு நாளாக அந்தப் பெடியனிடம் ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டிருப்பார், அவன் வாய் திறக்கவில்லை. இவர்கள் போய் அரை நாளில் பதிலைக் கையில் கொடுத்தார்கள். கஜனி அவனுக்குப் பக்கத்தில் போய் நின்று, நிரோஷினியின் இலக்கத்துக்கு அடித்து, போனை அவனுடைய காதில் பிடித்தாள்.

கிருபனின் உதடு வெடித்திருந்தது. சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"நிரோ. அந்தக் காசை மினுக்கினனியோ?"

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்டது.

"ஓமப்பா. தெரியாமல் மினுக்கிப்போட்டன். திருநீறு போட்டு உரஞ்சி எடுத்திட்டன். கழுவாதை எண்டு நீங்கள் எத்தினை தரம் சொன்னனீங்கள். என்னாலைதான் எல்லாம்."

கிருபன் கண்ணை மூடினான். அந்த வெடித்த உதட்டோடு அவன் சிரித்ததை அன்புராசா பார்த்தார்.

"ஆறு வருசமாச் சொன்னனான்தான். வியாழக்கிழமை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டனான் எண்டு நினைக்கிறாய்?"